பெயர் மாறி வந்த முத்துகள்

சென்ற கோடை விடுமுறையில், சென்னைக் கல்லூரியொன்றில் பயிலும் என் இளைய மகள் ஊர் வந்திருந்தாள். அங்கே மாணவ மாணவியர் விரும்பிப் பருகும் ஒரு பானத்தை வீட்டில் செய்து காட்டுவதாகச் சொன்னாள். மல்லிகை மணக்கும் தேநீர், அதிற் பால், அதன்மேற் பனிக்கட்டி. கோப்பையின் அடியிலே கரிய முத்துகள். அவற்றை உறிஞ்சி எடுப்பதற்கென்றே பருத்த ஒரு குழல். கைப்பேசியில் இருந்த படத்தையும் காட்டினாள்.

படத்தைக் கண்ட என் தாயார், "இது ஜவ்வரிசிதானே! கருப்பட்டிப் பாகில் கிடந்தால் கறுக்காதா?" என்றார்கள். அவ்வேளை வீட்டிற்கு வந்திருந்த உறவினர் ஒருவரோ, "ஜவ்வரிசியுமில்லை, ஒன்றுமில்லை. அது ஜெலட்டின். எந்தப் பிராணியின் எலும்போ, எந்தத் தோலோ, யார் கண்டது? அதை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்" என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். "இரண்டுமே இல்லை வாப்பா, அது டாப்பியோக்கா" என்றாள் மகள். ஒரு கோப்பைக்குள் மூன்று கட்சிகள்! கிதாபுகளைப் புரட்டுகிறவன் என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் விசாரணை என்றுதான் எண்ணினேன். தேடப் புகுந்த பின்னரே தெரிந்தது, அக்கோப்பையில் உள்ள பொருள்களுள் ஏறக்குறைய ஒவ்வொன்றும் வேறொன்றிற்குப் பதிலாக வந்து அமர்ந்தது என்பது. அமர்ந்ததோடு நில்லாமல், தனக்கு முன்னிருந்ததன் பெயரையும் சில இடங்களில் அது எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வருவது எப்போது கைத்திறன், எப்போது மோசடி என்ற கேள்விதான் எங்கள் வீட்டு வழக்கின் உயிர்நிலை. ஆகவே ஒவ்வொரு பொருளின் வரலாற்றையும் சிறிது பார்த்துவிட்டுத் தீர்ப்புக்கு வருகிறேன்.

முதலில் மலர்.

குளிர்ந்த பானத்தில் மலரின் மணம் ஏற்றிப் பருகுவது புதுமையன்று. ஹிஜ்ரி 583-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1187 ஜூலை 4 அன்று, ஹித்தீன் போர் முடிந்தது. சிறைப்பட்ட ஜெருசலம் அரசர் கீ, கடுந்தாகத்தோடு சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களின் கூடாரத்திற்குக் கொண்டுவரப்பட்டார். சுல்தான் அவருக்குப் பனியிட்டுக் குளிர்வித்த ஜுலாப் அளித்ததாகச் சுல்தானுடன் பழகிய வரலாற்றாசிரியர் பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதுகிறார். அரசர் பருகிவிட்டு, எஞ்சியதைப் பக்கத்தில் இருந்த ரெஜினால்டிடம் நீட்டினார். அரபு நூல்கள் அர்னாத் என்று குறிப்பிடும் இந்தப் பிரபு, உடன்படிக்கையை மீறி வணிகக் கூட்டங்களைக் கொள்ளையிட்டவர். அவருக்குப் பானம் கொடுத்தது தாமல்லர், அரசரே என்று சுல்தான் அங்கேயே அறிவித்தார். சிறைப்பட்டவன், தன்னைப் பிடித்தவன் தந்த உணவையோ நீரையோ உட்கொண்டால் அவன் உயிருக்கு அபயம் என்பது அரபியர் வழக்கம். அரசர் பிழைத்தார். அர்னாத் அன்றே கொல்லப்பட்டார். ஒரு கோப்பையை யார் கையிலிருந்து யார் பெற்றார் என்பதில் ஓர் உயிரே தங்கியிருந்த நாள் அது.

ஜுலாப் என்னும் அரபுச் சொல் பாரசீகத்தின் 'குலாப்' என்பதன் திரிபு. 'குல்' என்றால் ரோஜா, 'ஆப்' என்றால் நீர். நம் திருமண வீடுகளில் தெளிக்கும் பன்னீரும் அதுவே. சர்க்கரைப் பாகோடு கலந்த பன்னீர்ப் பானம் ஜுலாப் எனப்பட்டது. இன்று சிரியாவிலும் லெபனானிலும் 'ஜல்லாப்' என்று கேட்டால், பேரீச்சம் பாகோ திராட்சைப் பாகோ கலந்து, பன்னீர் மணமேற்றி, நொறுக்கிய பனிக்கட்டி இட்டுத் தருகிறார்கள். மேலே பைன் பருப்பும் உலர்திராட்சையும் மிதக்கும். பருகுவதும் மெல்லுவதும் ஒரே கோப்பையில்! பெயர் ரோஜாவினுடையது, உடலோ பேரீச்சையினுடையது. நம் ஊர்களில் வழங்கும் பலூடாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஷீராஸ் நகரில் மாவுச் சத்தை நூலாகப் பிழிந்து, பன்னீர்ப் பாகில் உறையவிட்டு உண்ணும் 'பாலூதா'தான் அதன் மூதாதை. தைவான்காரர்கள் இதைக் கண்டுதான் தம் பானத்தை அமைத்தார்கள் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூற ஆதாரம் ஏதுமில்லை. குளிர்ந்த மணநீரில் மாவுப் பண்டம் இட்டு உண்ணும் ஆசை பல நாட்டாருக்கும் பொது என்பது மட்டுமே சொல்லத்தக்கது.

பன்னீர் வடிக்கும் கலையை விரித்தெழுதியவர்களுள் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் அறிஞர் அல்கிந்தி முக்கியமானவர். நறுமணங்களையும் வடித்தலையும் பற்றி அவர் பெயரில் ஒரு தனி நூலே உண்டு. பாரசீகத்தின் ஜூர் நகரத்துப் பன்னீர் மேற்கே அந்தலுஸ் வரைக்கும், கிழக்கே இந்தியா, சீனம் வரைக்கும் சென்றதாகப் பத்தாம் நூற்றாண்டுப் புவியியலாளர் இப்னு ஹவ்கல் எழுதுகிறார். சீனரின் ஆவணங்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. கி.பி. 958-இல் சம்பா நாட்டு அரசர் சீனப் பேரரசருக்கு அனுப்பிய காணிக்கைகளுள் 15 குப்பிப் பன்னீரும் இருந்தது. கொண்டு சென்ற தூதரின் பெயரைச் சீனர் 'பு ஹேசன்' என்று எழுதி வைத்துள்ளனர். அது 'அபுல் ஹசன்' என்னும் பெயரின் சீன ஒலிப்பாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இங்கேதான் முதற் பதிலீடு நிகழ்கிறது. அரபு வணிகர் 'கான்ஃபூ' என்றழைத்த குவாங்சோ துறைமுகத்துச் சீனர், வெளிநாட்டு மணநீரைத் தாமும் வடிக்க முயன்றனர். அதற்குரிய ரோஜா அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது மல்லிகை இனம். அதையே இட்டு வடித்தனர் என்று 12-ஆம் நூற்றாண்டில் காய் தாவ் என்னும் சீன எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். அந்த மல்லிகையும் அவர்களுக்குச் சொந்தமானதன்று. கி.பி. 304-ஆம் ஆண்டினது என்று சொல்லப்படும் தென்னாட்டுத் தாவர நூலொன்று, 'யேசிமிங்', 'மோலி' என்னும் இரு மலர்களை மேற்கு நாட்டார் கொண்டுவந்து நட்டதாகக் கூறுகிறது. முன்னது யாஸமீன். பின்னது வடமொழியின் மல்லிகா, நம் மல்லிகை! இன்றுவரை சீனர் நாவில் மல்லிகையின் பெயர் 'மோலி'தான். தாவர நூலார் நம் குண்டு மல்லிக்கு இட்ட 'சம்பக்' என்னும் இலத்தீன் அடைமொழியோ அரபின் 'ஸன்பக்' என்பதிலிருந்து வந்தது. பழைய மருத்துவ நூல்களில் ஸன்பக் என்றால் மல்லிகைத் தைலம். இன்றைய அரபில் அதே சொல் லில்லிப் பூவைக் குறிக்கிறது. பெயர்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை.

மல்லிகையைத் தேயிலையோடு சேர்க்கும் கலையில் ஃபூசியன் மாநிலத்து ஃபூசோ நகரம் புகழ் பெற்றது. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் அவ்வூர் மல்லிகை-தேயிலை வேளாண் முறையை உலகப் பாரம்பரியங்களுள் ஒன்றாக ஏற்றது. அவர்கள் தேநீரில் பூவைக் கொட்டிக் கொதிக்க வைப்பதில்லை. பகலில் மொட்டுப் பறிப்பார்கள். இரவில் மொட்டு விரியும் வேளையில், உலர்ந்த தேயிலையோடு அடுக்கடுக்காகப் பரப்புவார்கள். இலை மணத்தை உள்வாங்கும். சூடேறாதிருக்க இடையிடையே கிளறிவிடுவார்கள். பின்னர்ப் பூவைச் சலித்து நீக்கிவிட்டு, இலையை மீண்டும் உலர்த்துவார்கள். அடுத்த இரவு புதுப்பூ. உயர்ந்த வகைகளுக்கு இப்படிப் பல இரவுகள் நடக்கும். இறுதியில் பூ இராது; மணம் மட்டும் நிற்கும்.

தேயிலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதன் வரலாற்றை அறியாதார் குறைவு. எனினும் அரபு பயின்றோர் ஒன்றை நினைவில் வைக்கலாம். சீனத்திற்கு வெளியே எழுந்த எழுத்துகளுள் தேநீரை மிகப் பழைய காலத்திலேயே குறிப்பிடுவது ஓர் அரபு நூல். ஹிஜ்ரி 237, கி.பி. 851-இல் தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் அந்நூல், வணிகர் சுலைமானோடு சேர்த்துப் பேசப்படுவது. சீன மன்னருக்கு உப்பினாலும், வெந்நீரிலிட்டுப் பருகும் ஓர் இலையினாலும் தனி வருவாய் உண்டென்றும், அவ்விலை சற்றே மணமும் கசப்பும் உடையதென்றும், அதன் பெயர் 'ஸாக்' என்றும் அது தெரிவிக்கிறது. பிற்காலத்தில் தரைவழியே பரவிய பெயர் 'சாய்' என்று பாரசீகத்திலும் 'ஷாய்' என்று அரபிலும் நின்றது. கடல்வழியே ஃபூசியன் மக்களின் பேச்சிலிருந்து டச்சுக்காரர் கொண்டு சென்ற பெயரோ 'தே'. நாம் தேயிலை, தேநீர் என்பது அந்தக் கடற்பெயரையே. அந்த ஃபூசியன் மக்கள்தாம் 17-ஆம் நூற்றாண்டு முதல் பெருந்தொகையாகத் தைவான் தீவில் குடியேறினர். நம் பானம் பிறந்த மண்ணிற்குத் தேயிலையும் மல்லிகையும் அவர்களுடனேயே சென்றன.

இனி முத்து. எங்கள் வீட்டு வழக்கு இதைப் பற்றியதே என்பதால் இங்குச் சற்றுத் தங்குவோம்.

ஜவ்வரிசி என்ற சொல்லை 'ஜாவா அரிசி' என்று பிரிப்பாருமுளர். மலாய் மொழியின் 'சாகு'வோடு அரிசி சேர்ந்தது என்பாருமுளர். எப்படிப் பிரித்தாலும் அது கீழ்த்திசைத் தீவுகளைச் சுட்டும் பெயரே. சாகு என்பது ஒருவகைப் பனை. அது பூப்பதற்கு முன் வெட்டிப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி, நீரில் அலசினால் மாவு அடியில் தங்கும். சுமத்திராவின் ஃபன்ஸூர் பகுதியில் மரத்திலிருந்து மாவெடுத்து உண்பதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதினார். ஃபன்ஸூர் நமக்கு அந்நியமான ஊரன்று. அரபு மருத்துவர்கள் உயர்ந்த கற்பூரத்தை 'ஃபன்ஸூரீ' என்றே அழைத்தனர். இன்று பாரூஸ் எனப்படும் அவ்வூருக்கு அருகில் லோபு துவா என்னுமிடத்தில், கி.பி. 1088-இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. சாகு விளையும் கரையில் தமிழ் வணிகர் நின்ற காலம் அவ்வளவு பழையது.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சீனத் தொழிலாளர் சாகு மாவை ஈரத்தோடு குலுக்கி உருட்டி, சட்டியில் வறுத்து, முத்துமுத்தாகக் கப்பலேற்றினர். வெள்ளையர் நாடுகளின் நோயாளிக் கஞ்சிக்கும் நம் நாட்டுப் பாயசத்திற்கும் போனது அந்த முத்துதான். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே கைகள் வேறொரு மாவையும் உருட்டத் தொடங்கின. அது மரவள்ளி மாவு.

மரவள்ளி ஆசியாவிற்குரியதன்று. தென்னமெரிக்க மண்ணில் பிறந்து, போர்த்துக்கீசியரின் கப்பல்களில் உலகைச் சுற்றியது. 'டாப்பியோக்கா' என்னும் சொல்லும் பிரேசில் நாட்டுத் துப்பி மக்களுடையதே. பிழிந்த சாற்றின் அடியில் படியும் மாவை அவர்கள் அப்படி அழைத்தனர். இக்கிழங்கில் நஞ்சு உண்டு. லினமரின் என்னும் பொருள் சிதைந்து சயனைடாக மாறும். கசப்பு வகைகளில் அது மிகுதி. துருவி, பிழிந்து, நீரில் கரைத்துப் படியவைத்து, உலர்த்தி அந்த நஞ்சை நீக்கும் வழியை எழுத்தறியாத அந்தப் பழங்குடிப் பெண்கள் கண்டறிந்து வைத்திருந்தனர். அவர்களில் ஒருத்தியின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. இன்று உலகெங்கும் உருளும் ஒவ்வொரு முத்தும் அவர்களுக்குக் கடன்பட்டது.

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளிப் பயிரை ஊக்கினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, அந்நாட்டு ஏழைகளின் வயிற்றைக் காத்தது அக்கிழங்கே. அதே போரினால் மலேயா, ஜாவாக் கப்பல்களும் நின்றன. ஜவ்வரிசி வரத்தும் அற்றது. மைதாவிற்கும் தட்டுப்பாடு. 1943-இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், மலேயாவின் பினாங்கிலிருந்து வந்து அத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினார். மாவை ஈரமாகத் துணியிலிட்டுக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, வெயிலில் காயவைக்கும் அதே மலாக்கா முறை! சேலம் மாவட்டத்தில் ஆலைகள் பெருகின. 1981-இல் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதை நான் வாசித்துக் காட்டியபோது என் தாயார் சற்று நேரம் பேசவில்லை. நோன்புக் காலத்திலும் பெருநாளன்றும் எழுபது ஆண்டுகளாக அவர்கள் காய்ச்சிய ஜவ்வரிசிப் பாயசத்தில் ஜாவாவும் இல்லை, சாகுப் பனையும் இல்லை, அரிசியும் இல்லை! பிரேசில் கிழங்கு, மலேயாக் கைத்தொழில், சேலத்து வெயில். மேலே ஒரு தீவின் பெயர். இதை மோசடி என்பதா? இல்லை. போர்க்காலத்தில் இல்லாததற்கு மாற்றாக நல்ல பொருள் ஒன்றைச் செய்தார்கள். எதிலிருந்து செய்தார்கள் என்பதைக் கொங்கு நாட்டு உழவர் அனைவரும் அறிவர். எவரும் ஒளிக்கவில்லை. வேறு பெயர் கிடைக்காமையால் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது.

தைவானில் இந்த முத்தின் பெயர் 'ஃபென்யுவான்', மாவுருண்டை. சர்க்கரைவள்ளி மாவிலும் பின்னர் மரவள்ளி மாவிலும் உருட்டி, சீவிய பனிக்கட்டியோடு தெருக்கடைகளில் விற்றனர். தேநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. தைச்சுங் நகரில் 1983-இல் லியு ஹான்-சியே என்பவர் தொடங்கிய தேநீர்க் கடையில் தேநீரைப் பனிக்கட்டியோடு குலுக்கிக் குளிர்வித்துத் தந்தனர். குலுக்கும்போது எழும் நுரைதான் 'குமிழித் தேநீர்' என்னும் பெயருக்குக் காரணம். அடியில் கிடக்கும் முத்தைக் குமிழி என்று கருதுவோரே இன்று அதிகம். இதுவும் ஒரு பெயர் மாற்றம்! அக்கடையில் பணிபுரிந்த லின் ஷியு-ஹுய் என்னும் பெண்மணி 1980-களின் பிற்பகுதியில் ஒருநாள் தம் மாவுருண்டைகளைத் தேநீரில் கொட்டிப் பருகியதே தொடக்கம் என்று அக்கடையார் கூறுகின்றனர். அவ்வாறன்று, 1986-இல் தைனான் நகரில் து சோங்-ஹெ என்பவர், சந்தையில் கண்ட வெள்ளை முத்துகளைத் தம் தேநீரில் இட்டதே தொடக்கம் என்று மற்றொரு கடையார் கூறுகின்றனர்.

இருசாராரும் நீதிமன்றம் ஏறினர். வழக்குப் பத்தாண்டுகள் நடந்தது. 2019-இல் வந்த முடிவு என்ன? இப்பானம் காப்புரிமைக்கு உரியதன்று, எவரும் செய்யலாம், முதலில் செய்தவர் யார் என்று வழக்காடத் தேவையில்லை. அந்த முடிவைப் படித்தபோது எனக்கு முறுவல் வந்தது. குவாங்சோவின் மல்லிகை, துப்பிப் பெண்களின் மாவு, ஃபூசியனின் இலை இத்தனையையும் ஒரு கோப்பையிலிட்டுவிட்டு 'இது என்னுடையது' என்று எவர் சொல்ல முடியும்? வழக்கறிஞர் கட்டணத்தை மட்டும் இருசாராரும் நினைத்துப் பார்த்திருப்பர்.

எனினும் அதே தைவானில் இப்பானத்தின் மறுபக்கமும் வெளிப்பட்டது. பானங்களுக்குப் பால்போன்ற கலங்கல் தோற்றம் தருவதற்கு அரபுக் கோந்தும் பாமாயிலும் கலந்த பொருளைச் சேர்ப்பது தொழில்முறை வழக்கம். 2011 மே மாதம், சில தயாரிப்பாளர்கள் அதற்குப் பதிலாக, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் இரசாயனத்தைக் கலந்து வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. விலை மலிவு என்பதே காரணம். 2013 மே மாதம் மற்றொரு செய்தி. மாவுப் பண்டங்கள் இழுபட்டு நிற்பதற்காக, உணவில் அனுமதியில்லாத மலேயிக் அமிலம் சேர்த்துப் பக்குவப்படுத்திய மாவு விற்கப்பட்டிருந்தது. அம்மாவில் செய்தவற்றுள் இந்த முத்துகளும் அடக்கம். கடைகளிலிருந்து பெருமளவு பொருள் அகற்றப்பட்டது. நம் சேலத்து ஆலைகளைப் பற்றியும் மௌனம் சாதிப்பது நியாயமாகாது. மக்காச்சோள மாவைக் கலப்பது, வெண்மைக்காக இரசாயனம் சேர்ப்பது ஆகிய குற்றங்களுக்காக உணவுப் பாதுகாப்புத் துறையினர் அங்கே சோதனைகள் நடத்தியுள்ளனர். பளீரென்று வெளுத்த ஜவ்வரிசியை நாம்தானே கேட்டு வாங்குகிறோம்! சற்றே மங்கிய நிறமே அதன் இயல்பு.

மல்லிகையும் ஒரு மாற்றுப் பொருள்தான். மலேயிக் அமிலமும் ஒரு மாற்றுப் பொருள்தான். முன்னதைச் செய்தவர் இன்னது இட்டேன் என்று சொன்னார். பின்னதைச் செய்தவர் மறைத்தார். இந்த வேறுபாட்டை நம் முன்னோர் துல்லியமாக அறிந்திருந்தனர். ஸலாஹுத்தீன் காலத்துச் சிரியாவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக 'நிஹாயதுர் ருத்பா' என்னும் நூலை இயற்றினார். அதில் ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர் முதலியோருக்குப் போலவே சர்பத்துக் காய்ச்சுவோருக்கும் தனிப் பகுதி உண்டு. கலப்படம் எங்கெங்கே புகும் என்று தொழில்வாரியாக எழுதிவைத்தார் அவர். கலீஃபாக்களின் மாளிகைக் கதைகளை நாம் எழுதுவதில் பாதியளவேனும் இத்தகைய நூல்களைத் தமிழில் தந்திருந்தால் நன்றாயிருக்கும். இது என் நெடுநாள் மனக்குறை, போகட்டும்.

எங்கள் வீட்டு வழக்கிற்கு வருகிறேன். அந்தக் கரிய முத்து மரவள்ளி மாவும் கருஞ்சர்க்கரையும் சேர்ந்தது. அதில் ஜெலட்டின் இல்லை. ஆகவே உறவினரின் அச்சம் முத்தைப் பொறுத்தவரை ஆதாரமற்றது. ஆனால் அவர் கேட்ட கேள்வி தவறன்று. சில கடைகளில் கூடவே இடும் புட்டிங்கு, களி வகைகளில் ஜெலட்டின் இருக்கக்கூடும். 'பால்' என்று சேர்ப்பது பாலே அல்லாமல் தாவர எண்ணெயில் செய்த பொடியாகவும் இருக்கக்கூடும். கேட்டறிந்துதான் பருக வேண்டும். என் தாயார் சொன்னதும், மகள் சொன்னதும் ஒன்றே; பெயர்தான் இரண்டு. தீர்ப்பைக் கேட்டதும் இருவரும் தாமே வென்றதாகக் கருதி அடுக்களைக்குள் சென்றனர்.

முதல் முயற்சி பாழாயிற்று. மாவைக் குளிர்ந்த நீரில் பிசைந்தாள் மகள். அது இறுகவும் இல்லை, இளகவும் இல்லை. கையில் பிடித்தால் கல், விட்டால் கஞ்சி. உருட்டியவற்றை இளஞ்சூட்டு நீரிலிட, பானை முழுதும் பசையாயிற்று. மரவள்ளி மாவு கொதிக்கும் பாகில்தான் வசப்படும். மறுநாள் என் தாயார் முறையை மாற்றினார்கள். 60 கிராம் கருப்பட்டியை 70 மில்லி நீரில் கரைத்து, மண்ணிறங்க வடிகட்டி, மீண்டும் தளதளவென்று கொதிக்க வைத்து, அதில் 100 கிராம் மாவில் பாதியை மட்டும் கொட்டிக் கிளறி இறக்கினார்கள். அது கூழாகிப் பசைபோல் வந்ததும் மீதி மாவைச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டிலேயே அழுத்திப் பிசைந்தார்கள். மாவு ஆறினால் வெடிக்கும். கயிறாகத் திரித்து, கொண்டைக்கடலையினும் சிறிதாக நறுக்கி உருட்டி, ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மேலே உலர்ந்த மாவு தூவினார்கள். நிறையக் கொதிநீரில் இட்டு 25 நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து மூடி மேலும் 20 நிமிடம் வைத்தபின், நடுவில் வெண்புள்ளி மறைந்து கண்ணாடிபோல் ஆயிற்று. குளிர்நீரில் அலசிக் கருப்பட்டிப் பாகில் ஊறவிட்டார்கள்.

தேயிலைக்கு ஃபூசோ முறையையே சிறிய அளவில் செய்தோம். எங்கள் கொல்லையில் பூச்சிமருந்து படாத குண்டு மல்லிச் செடி இரண்டு உண்டு. கடையில் வாங்கும் பூவில் மருந்து தெளித்திருப்பர். அது இதற்கு ஆகாது. தூளாக இல்லாத முழு இலைத் தேயிலை 50 கிராமோடு அந்தியில் பறித்த மொட்டு இரண்டு கைப்பிடியைப் பாத்திரத்தில் அடுக்கி மூடிவைத்தோம். விடியற்காலை பஜ்ருக்கு எழுந்தபோது பூக்களைப் பொறுக்கியெடுத்துவிட்டு, இலையை வெறுஞ்சட்டியில் இலேசாகச் சூடுகாட்டி ஈரம் போக்கினோம். மூன்று இரவுகள் இப்படி. பனிக்கட்டி கரைந்து நீர்க்கும் என்பதால் தேநீர் சற்றுக் கடுமையாகவே இறங்க வேண்டும். காய்ச்சி ஆறவைத்த பாலையும் பனிக்கட்டியையும் தேநீரோடு மூடிய பாத்திரத்தில் குலுக்கினால் நுரை பொங்கும். முத்தும் பாகும் கோப்பையின் அடியிலிருக்க, அதன்மேல் ஊற்றினோம்.

இரு எச்சரிக்கைகள். முத்துகளைக் குளிர்பெட்டியில் வைத்தால் சில மணி நேரத்தில் கட்டிப்பட்டுவிடும். அன்று வேகவைத்ததை அன்றே உண்ண வேண்டும். சிறு குழந்தைகளுக்குத் தரலாகாது. குழலில் உறிஞ்சும்போது வேகமாக வந்து தொண்டையில் அடைக்கக்கூடும். பெரியவர்களுக்கும் கரண்டியே நல்லது. என் தாயார் கரண்டியால்தான் உண்டார்கள். உறவினருக்கும் ஒரு கோப்பை கொடுத்தனுப்பினோம். என்னென்ன சேர்த்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தாள் மகள். கோப்பை கழுவித் திரும்பி வந்தது, தாள் வரவில்லை.